நின்றுபோன கணினியின் சாட்சி

1977 டிசம்பர் 4ஆம் நாள், பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மாஸ் விமானம் கடத்தப்பட்டு, நம் ஜொகூர் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 100 பேரும் மாண்டனர். விமானி அறையில் கடைசியாக நடந்ததை ஒலிப்பதிவுக் கருவிதான் ஓரளவு சொன்னது.

வீட்டுக் கணினிக்கும் அப்படியொரு சாட்சி உண்டு. திடீரென நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறதா? காரணம் தெரியாமல் ஒவ்வொரு பாகமாக மாற்றினால், கரைவது உங்கள் சம்பளப் பணம்தான்.

ராம் எனும் நினைவகத்தில் உள்ளது மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். ஆகவே, நீலத்திரை வரும்போது விண்டோஸ் அதை வட்டிலுள்ள பேஜிங் ஃபைலில் எழுதிவைக்கிறது. மறுபடி தொடங்கும்போது மெமரி.டிஎம்பி என்ற கோப்பாக்குகிறது. பழுது பார்ப்பவர் அதைப் படித்தால், எந்த மென்பொருளில் கோளாறு என்று பெரும்பாலும் துப்புக் கிடைக்கும்.

ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யுங்கள். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதியைத் திறவுங்கள். வீட்டுக்கு ‘ஆட்டோமேட்டிக் மெமரி டம்ப்’ போதும். ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ குறியை எடுத்துவிட்டால், திரையில் வரும் பிழைக் குறியீட்டை நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

நினைவகம் முழுவதும் பதிவாக வேண்டுமானால் ‘கம்ப்ளீட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு, விண்டோஸ் உள்ள டிரைவில் பேஜிங் ஃபைல் ராமைவிடக் குறைந்தது 257 எம்பி பெரிதாக இருக்கவேண்டும். 8 ஜிபி ராமுக்கு 8,449 எம்பி.

ஒன்றை மறவாதீர்கள்: முழுப் பதிவில் உங்கள் கடிதமும் கடவுச்சொல்லும்கூட இருக்கலாம். நம்பிக்கையானவரிடம் மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.