பி.ஜி. சீட்டை விட்டால் பல லட்சம் அபராதம்: இது நியாயமான கணக்கா?

எம்.டி. சேர்ந்த ஒரு டாக்டருக்கு ஆறாவது மாசத்துலயே தெரிஞ்சிடுது, இந்தத் துறை தனக்கு ஒத்துவராதுன்னு. வேற கல்லூரிக்கு மாறலாமா? முடியாது. நம்ம நாட்டில் பி.ஜி. மருத்துவப் படிப்பில் டிரான்ஸ்ஃபருக்கு அனுமதி இல்லை. ராஜினாமா செய்துட்டு, மறுபடி நீட் பி.ஜி. எழுதணும். கவுன்சிலிங் முடிந்த பிறகு விட்டால், பல மாநிலங்களில் 'சீட் லீவிங் பாண்ட்' தொகையும் கட்டணும். மத்தியப் பிரதேசத்தில் இது 30 லட்சம் ரூபாயாக இருந்தது.

"நமக்கு என்ன?"ன்னு நினைக்காதீங்க. உங்க டிரெயினிங் பாண்ட், நோட்டீஸ் பீரியட் எல்லாம் இதே குடும்பம்தான்.

என் கருத்து இதுதான்: விட்டுப் போறவரிடம் நஷ்டத்தைக் கேட்பது நியாயம். போகவே விடாமல் பிடிச்சு வைக்க ஒரு தொகை போடுவது நியாயம் இல்லை.

அந்தக் காலத்தில் எங்க காரைக்குடிப் பக்கத்திலிருந்து பர்மா, மலாயா போன ஏஜெண்டுகளுக்குப் பொதுவாக மூணு வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகவே கைக்கு வந்துடும். பாதியில் கிளம்பினால் பாக்கி எவ்வளவுன்னு பேரேடே சொல்லிடும். பி.ஜி. டாக்டருக்கும் மூணு வருஷம்தான். ஆனா அவர் முன்பணம் வாங்கலை. ஃபீஸ் கட்டிட்டு, ஸ்டைபண்டுக்கு ராப்பகலா டியூட்டி பார்க்கிறார்.

அரசுத் தரப்பிலும் நியாயம் உண்டு. கடைசி தேதிக்குப் பிறகு காலியான சீட்டில் வேற யாரையும் சேர்க்க முடியாது. ஆனா இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு கேட்பது 'நியாயமான இழப்பீடு'. பாண்டில் எழுதின தொகை அதற்கு உச்சவரம்புதான். 2025 மே மாசம் விஜயா பேங்க் வழக்கில், மூணு வருஷத்துக்குள் விலகின அதிகாரி 2 லட்சம் கட்டணும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. மறுபடி ஆள் எடுக்கும் செலவையும் அவருடைய சம்பளத்தையும் பார்த்து, அது அதிகம் இல்லைன்னு சொன்னது. அந்த அளவுகோலில் 30 லட்சத்தை வெச்சுப் பாருங்க.

ஒரு கணக்கு. பாண்ட் 10 லட்சம்னு வைப்போம். 14% வட்டியில் 5 வருஷ பெர்சனல் லோன் எடுத்தால் மாசம் சுமார் 23,270 ரூபாய் இ.எம்.ஐ.; வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 4 லட்சம். வசதியான வீட்டுப் பிள்ளை செக் எழுதிட்டுப் போயிடுவார். சிவகங்கை மாவட்டத்து விவசாயி பிள்ளை, மனசு உடைஞ்சாலும் அங்கேயே இருப்பார். ஒரே பாண்ட், ரெண்டு பேருக்கு ரெண்டு விதமான தண்டனை.

தேசிய மருத்துவ ஆணையமும் 2024 ஜனவரியில் இதைத்தான் மாநிலங்களுக்கு எழுதியது. பி.ஜி. மாணவர்களின் மன அழுத்தத்தைச் சுட்டிக்காட்டி, பெரிய தொகைக்குப் பதிலாக அந்த மாநிலத்தில் ஒரு வருஷம் அட்மிஷன் இல்லைன்னு விதிக்கலாம் என்றது. நேரத்தை இழப்பது எல்லோருக்கும் ஒரே விலை. எனக்கு இது சரியாகப் படுது.

கையெழுத்துப் போடும் முன் மூணு விஷயம் பாருங்க: தொகை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து கட்டணும், அசல் சான்றிதழ் யார் கையில். ஏற்கெனவே மாட்டியிருந்தால், இதுவரை போன காசையும் மாசத்தையும் கணக்கில் சேர்க்காதீங்க. அது இருந்தாலும் திரும்பாது, போனாலும் திரும்பாது. மீதி வருஷங்களை மட்டும் எடைபோடுங்க. மனசு ரொம்பத் தளர்ந்திருந்தால், இந்தக் கணக்கை ஓரமா வெச்சுட்டு முதலில் வீட்டில் பேசுங்க, ஒரு டாக்டரைப் பாருங்க. கடனை அஞ்சு வருஷத்தில் அடைச்சிடலாம்.