சிவப்பு விழ வேண்டிய இடத்தில்

சித்திரை விழாவுக்கு என் மகள் ஏன் வரவில்லை என்று சங்க அன்பர்கள் பலரும் விசாரித்தீர்கள். அன்று அவள் இரவு ஒரு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மார்ச் கணக்கு முடிக்கும் நேரம். ஒரு கம்பெனியின் லெட்ஜர்கள் இருக்கும் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேரிலிருந்து எண்களை எடுத்து, வேறொருவர் தயாரித்த பட்ஜெட் சாஃப்ட்வேரில் ஏற்றுவது அவள் வேலை. பின்னது 'கிளவுடில்' இருக்கிறது, அதாவது எங்கோ வாடகை இடத்தில்.

ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் தள்ளிய டிப்ளமோக்காரனுக்கு இதில் என்ன அபிப்பிராயம் என்று கேட்பீர்கள். மீட்டர் கேஜும் பிராட் கேஜும் சந்திக்கும் யார்டில் வேலை பார்த்தவன் நான். ஒரு மீட்டர் தண்டவாளத்தில் வந்த மூட்டையை 1,676 மில்லிமீட்டர் தண்டவாளத்து வண்டிக்கு மாற்றும்போதுதான் அது கிழியும், குறையும், சீட்டு மாறும். ஓடும் வண்டியில் அவ்வளவாக நடக்காது.

ஜெர்மனியில் 1972-ல் தொடங்கிய எஸ்.ஏ.பி.யின் லெட்ஜர் ஒரு பக்கம், 2007-ல் ஹைபீரியனை வாங்கிய ஆரக்கிளின் பட்ஜெட் சாஃப்ட்வேர் மறுபக்கம். பெரிய கம்பெனிகளில் இந்த மாதிரிக் கலப்புத் திருமணம் சகஜம். சம்பந்திகள் இருவருக்கும் பழக்கம் வேறு. எஸ்.ஏ.பி. லெட்ஜரில் கிரெடிட் எல்லாம் மைனஸ் குறியோடு இருக்கும், ஆகவே விற்பனையே மைனஸ்தான். பட்ஜெட் பக்கம் அதைப் பிளஸ்ஸாகக் கேட்கும். பன்னிரண்டு மாதம் போக, வருஷக் கடைசித் திருத்தங்களுக்கென்று 13 முதல் 16 வரை நான்கு விசேஷ மாதங்கள் அங்கே உண்டு. அவற்றை மறந்தால் ஆடிட்டர் செய்த திருத்தம் பட்ஜெட் பக்கம் வந்தே சேராது. இந்தக் கணக்கு எண் அங்கே இன்ன தலைப்பில் விழ வேண்டும் என்று ஒரு பட்டியல் வேறு. அதற்கு 'மேப்பிங்' என்று பெயர்.

பட்டியலில் இல்லாத புது எண் வந்தால் ஏற்றுமதி நின்றுவிட வேண்டும். ஆனால் அது நிற்பது யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால் கடைசி வரியில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு, 'வேறு எது வந்தாலும் இதர செலவுகளில் தள்ளு' என்று எழுதி வைத்துவிடுகிறார்கள்.

மகளுடைய கம்பெனியிலும் அதே கதை. அக்டோபரில் லாரி வாடகைக்குப் புதிதாகச் சில கணக்கு எண்களைத் திறந்தார்கள். அவை அத்தனையும் சத்தமில்லாமல் இதர செலவுகளில் போய் விழுந்தன. மொத்தக் கூட்டல் சரியாக இருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை. போக்குவரத்துப் பிரிவு செலவே செய்யவில்லை என்று நினைத்து, அடுத்த வருஷத்து பட்ஜெட்டை வெட்டினார்கள். அந்தப் பிரிவுத் தலைவர், ஓய்வுபெற இரண்டு வருஷமே இருப்பவர், "ஐயா, நான் இதைவிட அதிகம் செலவு செய்திருக்கிறேன்" என்று கெஞ்சியிருக்கிறார். கம்ப்யூட்டர் சொல்வதை நம்பினார்கள், அவரை நம்பவில்லை. இதர செலவுகள் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று ஏப்ரலில் ஆடிட்டர் கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது. பழி ஜனவரியில் அந்த வேலைக்கு வந்த என் மகள்மேல் விழுந்தது. நட்சத்திரம் போட்ட ஒப்பந்தக்காரர்கள் இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார்கள்!

1872-ல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் டிராக் சர்க்யூட்டை ஒரு புது வழியில் அமைத்தார். மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும் வரைதான் பாதை காலி என்று அர்த்தம். வண்டி வந்தாலும், வயர் அறுந்தாலும், பேட்டரி செத்தாலும் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். வண்டி தாமதமாகும், ஸ்டேஷன் மாஸ்டர் நம்மைத் திட்டுவார், திட்டட்டும். அந்த நட்சத்திரக் குறி, ரிலே விழாமல் இருக்கக் குச்சி செருகி வைப்பதற்குச் சமம். எங்கள் பிரிவில் அப்படிச் செய்தவன் வேலையில் இருக்க முடியாது.

காலையில் எம்.டி.க்கு அறிக்கை தாமதமாகுமே என்பார்கள். ஆகட்டுமே! இரண்டையும் ஒரே கம்பெனியிடம் வாங்கினால் தொல்லை தீரும் என்கிறார் என் நண்பர். நான் ஒப்பவில்லை. ஒரே கடைச் சரக்கானாலும் லெட்ஜர் தலைப்பு வேறு, பட்ஜெட் தலைப்பு வேறு, பட்டியல் வேண்டித்தான் இருக்கும். அது கணக்குப் பிரிவின் கையில் இருக்க வேண்டும், ஒப்பந்தக்காரர் கையில் அல்ல. சிக்னல் கியரில் கை வைக்குமுன் டிஸ்கனெக்ஷன் மெமோ எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்குவோம். லெட்ஜரில் ஒரு புது எண் திறக்கவும் அதுபோல் ஒரு சீட்டு எழுதினால் என்ன குறைந்துவிடும்? புனேயிலும் ஹைதராபாத்திலும் இந்த வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள், கணக்குப் பிரிவுப் பெரியவரிடம் போய் உட்கார்ந்து கேட்க வெட்கப்படக் கூடாது. அவருக்குத் தெரிந்தது எந்த மேனுவலிலும் இருக்காது.

மகள் அந்த வரியை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மே மாதக் கணக்கு இரண்டு முறை நின்றது, இரண்டு முறையும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போனாள். போக்குவரத்துப் பிரிவின் பட்ஜெட்டைத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் தரவில்லை.