பூனை பழிவாங்கவில்லை

'இலக்கிய இதழில் பூனை மூத்திரம் பற்றி ஒரு கட்டுரையா?' என்று முகம் சுளிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆமாம். நம் கவிதைகளில் பூனை மதில்மேல் உட்காரலாம், தனிமையின் குறியீடாகச் சன்னலுக்கு வெளியே வெறிக்கலாம், முறிந்த காதலின் கண்களோடு இருட்டில் மின்னலாம். மூத்திரம் மட்டும் போகக்கூடாது. போனால் அதையும் குறியீடாக்கிவிடுவோம். அந்த வியாதியால் என் பூனை சாகக் கிடந்தது. அந்தக் கோபத்தில் எழுதுகிறேன். முக்கால்வாசிக் கோபம் என்மேல்தான்.

மிளகு நாலு வயதுக் கடுவன், கருத்தடை செய்தவன். போன வருஷம் வேலை விஷயமாகப் பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பினேன். அந்த வாரமே என் மேசைக்குக் கீழே அடுக்கியிருந்த புத்தகங்களின்மேல் மூத்திரம் போனான். "நீ விட்டுட்டுப் போயிட்டல்ல, அந்தக் கோவம். பழிவாங்குறான்" என்றார் அம்மா. நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். நனைந்தவற்றில் நண்பன் ஒருவனின் கவிதைத் தொகுப்பும் இருந்தது. படம் எடுத்து, 'இத்தொகுப்புக்கு வந்த முதல் நேர்மையான விமர்சனம்' என்று ஃபேஸ்புக்கில் போட்டேன். லைக் குவிந்தது. இதை வாசிப்பவர்களிலும் சிலர் அன்று சிரித்திருக்கலாம்.

நாம் சிரித்துக்கொண்டிருந்தபோது அவனுக்குச் சிறுநீர்ப்பை எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த இரண்டு நாள் குளியலறைத் தரையில் அங்கங்கே சில சொட்டுகள். மணல் பெட்டிக்குள் போவான், முக்குவான், வெளியே வருவான், ஐந்து நிமிஷத்தில் மறுபடி போவான். காலைத் தூக்கிக் குறியை நக்கிக்கொண்டே இருந்தான். மலச்சிக்கல் என்று நானே முடிவுகட்டி, வேகவைத்த பூசணிக்காய் கொடுத்தேன். மூத்திரம் வராத பூனையும் அதே மாதிரிதான் குந்தி முக்கும் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் காலை மணலில் ஒரு கட்டிகூட இல்லை. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தான்.

சிறுநீர்ப்பை கல்லாக இறுகியிருக்கிறது என்றார் கால்நடை மருத்துவர். கடுவனுக்குச் சிறுநீர்க்குழாய் ரொம்பக் குறுகல். சளியும் படிகங்களும் சேர்ந்து அதை அடைத்தால் மூத்திரம் தேங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுபோகும். முழுதாக அடைத்தபின் கையில் இருப்பது ஒன்றிரண்டு நாள். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் போட்டு, மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். பில் என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கியது. பிழைத்துவிட்டான்.

என் சண்டை 'பழிவாங்குகிறது' என்ற அந்த ஒரு சொல்லோடுதான். அம்மா கவனித்தது சரி, அர்த்தப்படுத்தியது தப்பு. நான் ஊரில் இல்லாததற்கும் அவன் மூத்திரத்துக்கும் சம்பந்தம் இருந்திருக்கலாம். ஒஹாயோவில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் பல வருஷம் இதைத்தான் ஆராய்ந்தார். 2011இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், அன்றாட வழக்கம் குலைந்தபோது நோயில்லாத பூனைகள்கூடப் பெட்டிக்கு வெளியே போயின. மன அழுத்தம் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் இறங்குகிறது. இங்கே வீவக வீட்டில் மேல்மாடிக்காரர் ரெனவேஷன் என்று இரண்டு வாரம் டிரில் போட்டால் நமக்கே தலை வெடிக்கிறது. ஒளிய இடமில்லாத பூனைக்கு எப்படி இருக்கும்?

நுண்வாசிப்பு பற்றி மணிக்கணக்கில் பேசும் நமக்கு ஒரு மணல் பெட்டியை வாசிக்கத் தெரியவில்லை. சின்னச் சின்னதாய் நிறையக் கட்டிகள் என்றால் எரிச்சல். பெரிது பெரிதாக, தண்ணீரும் அதிகம் குடிக்கிறது என்றால், வயதான பூனையில் சிறுநீரகத்தையோ சர்க்கரையையோ சந்தேகிக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் என்றால் ரத்தம். முக்கியும் கட்டியே இல்லை என்றால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது, அந்த ராத்திரியே ஓட வேண்டும். நின்றபடி வால் துடிக்கச் சுவரில் பீய்ச்சுவது வேறு கதை, அது எல்லை குறிப்பது. கையிலிருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பனடோல் பூனைக்கு விஷம். இளம் பூனைகளின் சிறுநீர்ப்பை அழற்சியில் பெரும்பாலும் கிருமியே இருக்காது, ஆகவே மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக்கும் வீண்.

'இதெல்லாம் காசு உள்ளவன் கவலை' என்பார்கள். பில் விஷயத்தில் உண்மைதான். ஆனால் பெட்டியைக் குனிந்து பார்க்கக் காசு வேண்டாம். பழிவாங்குகிறது என்ற சொல்லுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். வீவக வீடுகளில் பூனைக்குத் தடை 1989இல் வந்தது, 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. ஒளித்து வளர்த்த அந்தக் காலத்தில், சோபாவை நனைத்த பூனையை ராத்திரியோடு ராத்திரியாக லிஃப்டில் இறக்கிக் கீழே விட்டுவிட்டு வந்தவர்கள் என் புளோக்கிலேயே உண்டு. 'திமிரு பிடிச்ச பூனை' என்றுதான் காரணம் சொன்னார்கள். அந்தப் பூனைகளில் எத்தனைக்கு வலித்தது என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது லைசன்ஸ் உண்டு, மைக்ரோசிப் உண்டு. சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பதிவை நீக்கிவிட்டேன். நண்பனிடம் காசு கொடுத்தே இன்னொரு பிரதி வாங்கினேன். வீட்டில் இப்போது இரண்டு பெட்டிகள், இரண்டாவது என் மேசைக்குக் கீழே, புத்தகங்கள் இருந்த இடத்தில். தினமும் காலையில் அம்மாதான் அள்ளுகிறார். நான் வேலைக்குக் கிளம்பும்போது உள்ளேயிருந்து சத்தம் வரும்: "இன்னிக்கி மூணு!"