அட்டவணையில் ஏறிய பரங்கிப்பேட்டை

பி.முட்லூரில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிப் பரங்கிப்பேட்டைக்குப் போகிறவர், வழிநெடுக வயல்களையும் மணற்பாங்கான கொல்லைகளையும் வடக்கே அனல் மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கியையும் பார்த்துக்கொண்டே வெள்ளாற்று முகத்துவாரத்தை அடைந்துவிடலாம். தாம் கடந்து வந்த நிலம் முழுவதும் ஒரு விசேஷ சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது என்று அவருக்கு அறிவிக்கும் பலகை எதுவும் அங்கே இல்லை. தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், 2020 என்பது அதன் பெயர். அதன் அட்டவணையில் கடலூர் ஜில்லாவிலிருந்து இடம்பெற்ற வட்டாரங்கள் ஐந்து: காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், குமராட்சி, பரங்கிப்பேட்டை. வடக்கே அடுத்துள்ள குறிஞ்சிப்பாடி அதில் இல்லை.

ஒரு கொள்கை எவ்விதம் சட்டமாகிறது என்று அறிய விரும்புவோர்க்கு இந்த அட்டவணையைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டியதில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட, காவிரிப் படுகை எங்கும் எழுந்த கொந்தளிப்பினிடையே, பிப்ரவரி 9-ஆம் தேதி சேலம் ஜில்லா தலைவாசலில் நடந்த விழாவில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகப் பிரகடனம் செய்தார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தோடு திருச்சி, அரியலூர், கரூர், புதுக்கோட்டை, கடலூர் ஜில்லாக்களின் டெல்டாப் பகுதிகளும் அந்தப் பிரகடனத்தில் இருந்தன. பதினோராம் நாள், பிப்ரவரி 20 அன்று, சட்டசபையில் மசோதா கொண்டுவரப்பட்டு அன்றே நிறைவேறியபோது திருச்சி, அரியலூர், கரூர் மூன்றும் காணாமற் போயிருந்தன. புதுக்கோட்டையிலும் கடலூரிலும் ஐந்தைந்து வட்டாரங்கள் மட்டுமே எஞ்சின. மேடையில் விரிந்த கையகலம் அச்சகத்துக்குள் சுருங்கிவிட்டது. தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்ட தி.மு.க. உறுப்பினர்கள், அது ஏற்கப்படாததால் வெளிநடப்புச் செய்தார்கள்.

இந்தச் சட்டத்தை நான் வரவேற்கிறவன். ஆயினும் அந்த வெளிநடப்பின் பின்னிருந்த கோரிக்கை நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். செம்பு, துத்தநாகம், அலுமினிய உருக்காலைகளையும், இரும்புத் தாது ஆலையையும், தோல் பதனிடும் ஆலையையும், கப்பல் உடைக்கும் தொழிலையும், எண்ணெய், மீத்தேன் அகழ்வையும் தடுக்கும் அதே சட்டம், முன்னமே நடந்துவரும் திட்டங்களுக்கும், துறைமுகம், குழாய்ப்பாதை, மின்சாரம் முதலான கட்டமைப்புகளுக்கும் இடம்விடுகிறது. இவ்விலக்கு எதுவரை செல்லும், ஒரு வட்டாரத்தைச் சேர்த்து மறு வட்டாரத்தைத் தள்ளியதற்கு அளவுகோல் என்ன, என்றெல்லாம் விவசாயிகளையும் நிபுணர்களையும் அழைத்து உட்கார வைத்து, ஷரத்து ஷரத்தாக விசாரிப்பதற்கென்றே அமைந்ததல்லவா தேர்வுக் குழு? சபையின் ஒரு பகற்பொழுதில் அது நடக்கிற காரியமன்று.

இரும்பு என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. ஜோசையா ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830-இல் இரும்பாலை நிறுவியது இதே பரங்கிப்பேட்டையில்தான். தாது வந்தது சேலத்து மலைகளிலிருந்து. கும்பினியாரின் தயவால் நடந்த அந்த ஆலையைப் பற்றி ஊராரிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை, கேட்பதற்கொரு சபையும் அன்று இல்லை. சேலத்திலிருந்து தாது வந்த ஊருக்குச் சேலத்திலிருந்தே தடையும் வந்து சேர்ந்தது!

சமஷ்டி அமைப்பின் சங்கடம் இதற்கு அப்பாலும் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி விவசாயம் ராஜ்யப் பட்டியலின் 14-ஆம் இனம். எண்ணெய் வயல்களும் கனிம எண்ணெய் வளமும் மத்தியப் பட்டியலின் 53-ஆம் இனம். நெற்பயிரின் வேர் சென்னையின் அதிகாரத்தில் என்றால், அதற்குக் கீழே கிடக்கும் எரிவாயு டெல்லியின் அதிகாரத்தில். எல்லா வகை ஹைட்ரோகார்பனுக்கும் ஒரே உரிமம் என்ற 2016-ஆம் ஆண்டுக் கொள்கை பார்லிமெண்டில் மசோதாவாக வரவில்லை. மத்திய மந்திரிசபையின் முடிவாக வந்தது. மேற்சொன்ன ஜனவரி அறிவிக்கையோ, 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தந்த அதிகாரத்தில் ஓர் அமைச்சகம் பிறப்பித்தது. விவசாயி ஒருவருடைய கொல்லையைத் தொடும் முடிவுகளுள் எத்தனை, வாக்களித்தவர்களின் பிரதிநிதிகள் எழுந்து பேசக்கூடிய இடத்தில் எடுக்கப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் மனம் சஞ்சலமடைகிறது.

2023 ஏப்ரலில் இது நிதர்சனமாயிற்று. சேத்தியாத்தோப்பு கிழக்கு, வடசேரி, மைக்கேல்பட்டி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரி வட்டாரங்கள் மத்திய அரசின் ஏலப்பட்டியலில் இருப்பது தெரியவந்து, முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நான்கே நாட்களில் அவை பட்டியலிலிருந்து நீக்கப்படுவதாக மத்திய நிலக்கரி மந்திரி அறிவித்தார். நல்ல முடிவுதான். ஆனால் டெல்டாவைக் காக்கவென்றே ஒரு சட்டம் அமலில் இருந்தும், ஏலத்தை நிறுத்தக் கடிதம்தான் வேண்டியிருந்தது.

முகத்துவாரத்தில் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் இதையெல்லாம் விளக்க முயன்றேன். "எங்க கடலு அதுல இருக்குங்களா?" என்று கேட்டார். வட்டாரத்தின் எல்லை அலை வந்து திரும்பும் கரையோடு முடிந்துவிடுகிறது. 2018 அக்டோபரில் எண்ணெய் ஆய்வுக்கு ஒப்பந்தம் கையெழுத்தான இடங்களுள் காவிரிப் படுகையின் கடற்பகுதிகளும் இருந்தன. இல்லை என்றேன், அவர் வலையை உதறத் தொடங்கினார்.