உறைவிந்துக் குச்சிகளின் இருப்பும் தரமும் குறித்த கோரிக்கை மனு

தானா ராத்தா, கேமரன் மலை, மலேசியா

மதிப்பிற்குரிய கால்நடைத் துறை அதிகாரிகள் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளிலும் கறவை மாடு வளர்ப்போர் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம்.

முந்தைய கடிதங்களில் எழுதியதையே மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. சினை ஊசி போட்ட மாடுகள் 21 நாள் கழித்து மீண்டும் பருவத்துக்கு வருகின்றன என்று முதலில் எழுதினோம். தீவனத்தைக் கவனிக்கச் சொன்னீர்கள், கவனித்தோம். உறைவிந்து அடைத்த குச்சிகள் இருக்கும் கொள்கலனில் திரவ நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று அடுத்துக் கேட்டோம். மலைக்குளிரில் எதுவும் கெடாது என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். அதன்பின் எழுதியவற்றுக்குப் பதிலே இல்லை.

அந்த வாய்மொழிப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அதன் முன்னே எங்கள் மலைக்குளிரும் கொதிக்கும் வெயிலும் ஒன்றுதான். கிளிசரால் சேர்த்தால் விந்தணு உறைநிலையிலும் உயிர் தாங்கும் என்று 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் காட்டினார்கள். கடுங்குளிர் குலையாத வரைதான் அந்த உயிர். குச்சி மைனஸ் 130 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் பனிப்படிகங்கள் மீண்டும் வளர்ந்து அணுக்களைச் சிதைக்கும். பிறகு நைட்ரஜனை விளிம்புவரை ஊற்றினாலும் செத்த அணு பிழைக்காது. குச்சியோ பார்வைக்கு முன்போலவே இருக்கும். பழி மாட்டின் மேல் விழுகிறது. இரண்டு மூன்று பருவம் தவறினால் மலடு என்று பெயராகி, நல்ல பசு இறைச்சிக்குப் போகிறது. எங்களால் தாங்க முடியாதது இதுதான்.

எடுத்துக்காட்டாக, இந்திய அரசின் குறைந்தபட்சத் தர நெறிமுறைப்படி, உறைவிந்தை உருக்கிய பின் அணுக்களில் 50 சதவீதமாவது முன்னோக்கி நீந்த வேண்டும். எங்கள் மலையைப் போன்றே தேயிலை மலையான நீலகிரியில், உதகமண்டலத்துப் பொலிகாளைப் பண்ணையில் உறைவிந்து தயாராகிறது. தயாரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும் குச்சிக்கு உள்ள அதே தரம், மலையேறி வந்து எங்கள் மாட்டுக்குப் போடும் குச்சிக்கும் வேண்டும்.

ஆகவே:

1. நைட்ரஜன் மட்டத்தை வாரந்தோறும் அளவுகோலால் அளந்து, தேதியுடன் பதிந்து, கேட்பவருக்குக் காட்ட வேண்டும். நைட்ரஜன் வற்றிய கொள்கலனின் குச்சிகளை ஒன்றுவிடாமல் கழிக்க வேண்டும். இங்கு வந்துசேரும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு குச்சியை உருக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நைட்ரஜன் தவறாமல் கிடைக்க வழியில்லையெனில், முட்டை மஞ்சள் கரு கலந்து 5 டிகிரியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் போட்டுவிடும் குளிர்விந்தையாவது குறித்த நாளில் அனுப்ப வேண்டும்.

2. குச்சியை உருக்க 37 டிகிரி வெந்நீரும் வெப்பமானியும் ஊசி போடுபவர் கையில் இருத்தல் வேண்டும்.

3. ஆடு வளர்ப்போருக்கும் இச்சேவையை நீட்டிக்க வேண்டும்.

4. சினைப் பதிவு அட்டை தமிழிலும் அச்சிடப்பட வேண்டும்.

முதல் கோரிக்கைக்கு மட்டுமேனும் எழுத்து மூலம் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்