எண்ணத் தவறிய 72

அமெரிக்க அடிமைமுறையிலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் பேசிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் ஆற்றிய சுதந்திர தின உரையை, "அழகான புலம்பல், வாதம் கிடையாது" என்று தள்ளிவிட்டது சென்ற இதழ்க் கட்டுரை. சாட்சிக்கு டக்ளஸையே கூண்டில் ஏற்றுகிறார் கட்டுரையாளர்: வாதிட்டுப் பயனில்லை, சுடுகின்ற ஏளனம்தான் வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டாராம்.

"எனக்கென்ன, நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்று கல்யாண வீட்டில் ஆரம்பிக்கும் பெரியப்பாவைக் கட்டுரையாளர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

அடிமை மனிதன்தான் என்று நான் நிரூபிக்கவும் வேண்டுமா என்று கேட்ட மூச்சிலேயே டக்ளஸ் வர்ஜீனியாவின் சட்டத்தைப் பிரிக்கிறார். கறுப்பர் செய்தால் மரண தண்டனை என்று அங்கே 72 குற்றங்கள். அவற்றில் வெள்ளையருக்கும் அதே தண்டனை என்பவை இரண்டே இரண்டு. நல்லது கெட்டது அறிந்தவன், தன் செயலுக்குப் பொறுப்பானவன் என்று ஏற்றுக்கொள்ளாமல் ஒருவனைத் தூக்கிலிட முடியுமா? அடிமைக்கு எழுத்தறிவிப்பவர்களைத் தண்டிக்கவும் தெற்கே சட்டங்கள் இருந்தன. வயலில் மேயும் மாட்டுக்கு அப்படியொரு சட்டம் போட்டிருந்தால் காட்டுங்கள், பிறகு வாதிடுகிறேன் என்கிறார் டக்ளஸ். அடிமையை உடைமை என்றவர்களின் சட்டப் புத்தகத்தைக் கொண்டே அவன் மனிதன் என்று அவர்களை ஒப்புக்கொள்ள வைக்கிறார். புலம்பலாம்!

அழைத்தவர்களை அவமதித்தார் என்பது அடுத்த புகார். அழைத்தது ராச்செஸ்டர் பெண்களின் அடிமை எதிர்ப்புச் சங்கம். அவமதிக்கப்பட்ட அந்தக் கூட்டம், உரையைச் சிறுநூலாக அச்சிடச் சொல்லி அங்கேயே 700 பிரதிகளுக்குப் பெயர் கொடுத்தது. தேசத்தை நிறுவியவர்களை டக்ளஸ் மனம் திறந்து பாராட்டவும் செய்கிறார். ஆனால் அவர்கள் "உங்கள்" தந்தையர். கிடைத்தது "உங்கள்" சுதந்திரம். தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. சக குடிமக்களே என்று விளித்துக்கொண்டே, அந்தக் கோட்டை "உங்கள்" என்ற ஒரு சொல்லால் கிழித்துக் காட்டுகிறார். கட்டுரையாளர் இதைத் தாண்டித்தான் போயிருக்கிறார், தடுக்கிக்கூட விழாமல்.

நாட்டைச் சபித்துவிட்டு அரசியல் சாசனத்தைப் புகழ்ந்தது முரண் என்கிறாரே, அங்கே மட்டும் கொஞ்சம் நிற்கலாம். சாசனமே அடிமைமுறைக்குத் துணை என்றவர் டக்ளஸின் பழைய வழிகாட்டி கேரிசன். 1854இல் அதன் பிரதியை மேடையிலேயே கொளுத்தினார். டக்ளஸ் 1851லேயே அந்த அணியை விட்டு விலகிவிட்டார். அடிமை என்ற சொல்லே இல்லாத சாசனம் எப்படி அடிமைமுறையின் பத்திரமாகும் என்பது அவர் கேள்வி. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் பிரிவு அதில் இருக்கத்தானே செய்கிறது! ஆனாலும் எதிராளியின் ஆயுதத்தை எரிப்பதைவிடப் பறிப்பது மேல் என்று கணக்குப் போட்டவரை முரண்பட்டவர் என்பது வாசிப்புச் சோம்பல்.

கடைசியில் உரையே "மிகை" என்கிறார் கட்டுரையாளர். தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிடிபட்டவரை அடிமைத்தனத்துக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரிக்கு 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். இந்தக் கூலிக் கணக்கை டக்ளஸ் அதே உரையில் சொல்கிறார். ஆறு பக்கக் கட்டுரையில் அந்தப் பத்தையும் ஐந்தையும் தேடினேன். ஓரிடத்திலும் இல்லை.