எண்ணூர் மீனும் அம்மன் கோபமும்

எண்ணூர் முகத்துவாரத்தில் மீன் குறைந்து போய்விட்டதாக அப்பக்கத்து வலைத்தொழிலாளத் தோழர்கள் வெகு காலமாய் முறையிட்டு வருகிறார்கள். மடவையும் கொடுவாவும் இறாலும் விளைந்த கழியில் இன்று வலையை இழுத்தால் சேறும் சாம்பலும் வருகின்றன. காரணமென்ன என்றால், “அம்மனுக்குக் கோபம்” என்கிறார் ஒருவர். “நம் தலையெழுத்து” என்கிறார் மற்றொருவர். கடன் வாங்கியாவது திருவிழா நடத்துங்கள் என்று யோசனை சொல்லப் பூசாரியும் தயாராயிருக்கிறார்.

தோழர்களே! அம்மனுக்குக் கோபமென்றே வைத்துக் கொள்ளுவோம். அந்தக் கோபம், சாம்பல் குழாய் உடைகிற இடமாகப் பார்த்து வந்து இறங்குவானேன்?

மீனின் பிழைப்பைச் சற்று யோசித்துப் பாருங்கள். மடவையும் இறாலும் முட்டையிடுவது கடலில்; குஞ்சுகள் வளருவதோ கழியில். கொசஸ்தலை ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் எண்ணூர்க் கழி அவற்றிற்குத் தொட்டில் போன்றது. தொட்டிலில் நெருப்பையும் சாம்பலையும் கொட்டினால் பிள்ளை பிழைக்குமா?

கொட்டியவர் யார்? 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடிற்று. 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டு போகும் குழாய்கள் பலமுறை ஒழுகின. சாம்பல் அடியில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. புழு பூச்சிகளை மூடிற்று. சுடுநீரில் மீன் மூச்சுவிடப் போதுமான காற்று கரைந்திருப்பதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்து ஆலை எண்ணெயும் கழியில் வந்து படிந்தது. போதாக்குறைக்குத் தென் அமெரிக்காவைச் சேர்ந்த ‘காக்கா ஆழி’ என்னும் சிப்பி கழியின் தரையெல்லாம் பரவி, இறால் ஒதுங்கும் சேற்றை மூடிவிட்டது. கப்பல்கள் நிலை தவறாதிருக்க ஏற்றிவரும் தண்ணீரோடு அது வந்திருக்கக்கூடுமென ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். இவற்றில் அம்மன் செய்தது எது?

அகத்தியர் கடலையே குடித்தார் என்ற புராணத்தைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் 1996-இல் ஒப்புக்கொள்ளப்பட்ட கரையோரப் படத்தில் இருந்த இக்கழி, 2017-இல் தகவல் கேட்டவர்களுக்குக் கொடுத்த படத்தில் காணாமற் போயிற்று! அகத்தியருக்காவது வாய் வேண்டியிருந்தது. உத்தியோகஸ்தருக்குக் காகிதமே போதும்.

குற்றத்தை அம்மன் தலையில் போட்டால் யாருக்கு லாபம்? அம்மன் மேல் வழக்குப் போட முடியாது. நஷ்டஈடு வாங்க முடியாது. மனிதன் செய்ததென்று கண்டுகொண்டால் இரண்டும் முடியும். 2022-இல் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் கேட்டைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது கூழ் ஊற்றியதாலல்ல. மீனவர் ஆதாரத்தோடு வழக்காடியதால்.

நிற்க, “பகுத்தறிவு பேசுகிறவர்கள் மின்சாரத்தையும் ஆலையையும் எதிர்க்கலாமா?” என்று சிலர் கேட்கக்கூடும். நாம் மின்சாரம் வேண்டாமென்பவர்களல்ல. விளக்கு வெளிச்சம் நாட்டுக்கெல்லாம், சாம்பல் மட்டும் மீனவர் சேரிக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் என்றால் அது விஞ்ஞானமா? சுகத்துக்கு ஒரு ஜாதி, அழுக்குக்கு ஒரு ஜாதி என்ற பழைய வருணாசிரமமே புகைபோக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது என்கிறோம்.

நம் புளியந்தோப்புத் தோழர்கள் இது யாருக்கோ வந்த கஷ்டமென்று இருந்துவிட வேண்டாம். நம் பக்கத்து ஓட்டேரி நாலா போய்ச் சேரும் பக்கிங்ஹாம் கால்வாய்தான் வடக்கே எண்ணூர்க் கழியையும் தொடுகிறது. நம் சாக்கடையும் நம் சட்டி மீனும் ஒரே தண்ணீரைச் சேர்ந்தவை.

ஆகவே, இவ்வாண்டு உண்டியலில் போட நினைத்த காசைக் கொண்டு மீனவர் சங்கங்கள் கழித் தண்ணீரைச் சோதித்துக் கணக்கு எழுதி வைக்கட்டும். படிந்த சாம்பலை அகற்று, குழாயைச் செப்பனிடு, பிழைப்பை இழந்தவனுக்கு ஈடு கொடு என்று சர்க்காரைக் கேட்கட்டும். மீனைக் கொன்றவன் மனிதன். திரும்பக் கொண்டுவர வேண்டியவனும் மனிதனே.